கிச்சன் சிங்க் அடைப்பு: வேலூர்த் தண்ணீரில் எது தாங்குகிறது, எது கைவிடுகிறது

அடைப்பு நீக்கும் பவுடர் பாக்கெட், ரப்பர் பம்ப், பைப்புக்குள் விட்டுச் சுற்றுகிற கைப்பிடி ஸ்பிரிங், சமையல் சோடா, வினிகர். சிங்குக்குக் கீழே இருக்கும் கதவைத் திறந்தால் இதில் பாதியாவது கண்ணில் படும். வருஷக்கணக்கில் எல்லாவற்றையும் மாற்றி மாற்றிப் புழங்கிய பிறகு நிற்கிற வரிசை இதுதான்: முதலிடம் ஒரு பழைய பக்கெட்டுக்கும் இரண்டு கைக்கும், அதாவது சிங்குக்குக் கீழே கொஞ்சம் தண்ணீர் எப்போதும் தேங்கி நிற்கிற ட்ராப்பைக் கழற்றிக் கழுவுவதற்கு. இரண்டாவது ஸ்பிரிங். பவுடர் கடைசி. சத்துவாச்சாரி, காட்பாடி, பாகாயம் என்று போர்த் தண்ணீர் புழங்குகிற வீடுகளில் இந்த வரிசை இன்னும் கறாராகப் பொருந்தும். காரணம், தண்ணீர்.

அடைப்பைக் கையில் எடுத்துப் பார்த்தால்

எண்ணெய்ப் பிசுக்கு உறைந்து அடைக்கிறது என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். அது பாதிதான் சரி. பைப்பிலிருந்து எடுத்த கட்டியை விரலில் நசுக்கிப் பாருங்கள். மேலே மெழுகு போல வழுக்கும். உள்ளே சாம்பல் வெள்ளையில், ஈரச் சுண்ணாம்பு போல உதிரும். புளிச் சக்கையின் நாரும், கறிவேப்பிலை ஈர்க்கும், ஸ்டீல் நாரின் சுருளும் அதற்குள் கம்பி கட்டியது போலப் பின்னிக் கிடக்கும்.

அந்த வெள்ளைதான் விஷயம். பாறைக்கு நடுவே இறங்கிய போரின் தண்ணீரில் கால்சியமும் மெக்னீசியமும் அதிகம். சோப்பில் இருக்கிற கொழுப்பு அமிலத்தோடும், நாள்பட்டுக் காறிய எண்ணெயோடும் கால்சியம் சேர்ந்தால் தண்ணீரில் கரையாத சுண்ணாம்புச் சோப்பு ஆகிவிடும். போதாததற்கு, பாத்திரம் விளக்கும் கட்டி சோப்பில் கணிசமான பங்கு கல்மாவும் களிமண்ணும்தான். அது எதிலும் கரையாது, நேராகப் போய் ட்ராப்பின் அடியில் வண்டலாக உட்காரும். காவிரிக் குடிநீரை மட்டும் சிங்குக்கு விடுகிற வீட்டில் கட்டி மெதுவாகத்தான் சேரும். ஆனால் அந்தத் தண்ணீரைப் பாத்திரம் கழுவ விட யாருக்கு மனசு வரும்?

ஆட்டுக் கொழுப்பு தனிக் கதை. அது உருகவே 40 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பிரியாணி அண்டாவைச் சாதாரணத் தண்ணீரில் கழுவினால், கொழுப்பு பைப்பின் முதல் வளைவைத் தாண்டுவதற்குள் உறைந்துவிடும். மார்கழி, தையில் தேங்காய் எண்ணெயும் கூடச் சேர்ந்து உறையும். அது 24 டிகிரியிலேயே கட்டிவிடுகிற எண்ணெய்.

இன்னொன்று மாவு. இட்லி மாவுக் குண்டானைக் கழுவி ஊற்றிவிட்டு, 'அடைக்காமல் இருக்கட்டும்' என்று பின்னாலேயே கொதிக்கிற தண்ணீரை ஊற்றுவது நல்ல எண்ணம்தான். பைப்புக்குள் மாவு வெந்து பசையாகிவிடும், அவ்வளவுதான். மாவுக்கும் கேழ்வரகுக் கூழுக்கும் பச்சைத் தண்ணீர், கொழுப்புக்கு வெந்நீர்.

முதலில் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும்

சிங்குக்குக் கீழே பக்கெட் வைத்து, பாட்டில் ட்ராப்பின் அடிக் கிண்ணத்தைக் கழற்றுங்கள். சிங்கிலிருந்து தண்ணீர் தடையில்லாமல் கொட்டினால் சிங்கும் ஜல்லடையும் சுத்தம். கிண்ணத்தில் வண்டல் நிறைந்திருந்தால் அதுதான் குற்றவாளி. கிண்ணம் காலியாக இருந்தும் தண்ணீர் போகவில்லை என்றால் அடைப்பு சுவருக்குள். சுவருக்குள் திரும்புகிற முதல் எல்போவில், அதாவது வளைவுத் துண்டில்தான், பெரும்பாலும் பிடிக்கும்.

பின்பக்கம் பாத்திரம் விளக்குகிற இடத்தின் நானி ட்ராப்பிலும் (தரையில் தண்ணீர் இறங்குகிற ஜாலிக்குக் கீழே இருப்பது) தண்ணீர் ஏறி நிற்கிறதா என்று கூடவே பார்த்துவிட வேண்டும். நின்றால் சிங்கைத் தொடாதீர்கள். வெளியே சேம்பர், அதாவது கழிவுநீர்ப் பைப்புகள் சேர்கிற தொட்டியின் மூடியைத் தூக்க வேண்டிய வேலை அது. நீங்கள் குழாயே திறக்காதபோது சிங்கில் அழுக்குத் தண்ணீர் ஏறினால் அது மாடி வீட்டுத் தண்ணீர், பொதுப் பைப்பில் அடைப்பு. கீழ் வீட்டில் எத்தனை பாக்கெட் பவுடர் போட்டாலும் நகராது.

கழற்றிக் கழுவுவது

கால் மணி நேர வேலை. கிண்ணத்தைக் கையாலேயே இடப்பக்கமாகத் திருகலாம். உப்புப் படிந்து இறுகியிருந்தால் வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றிப் பத்து நிமிஷம் விட்டுத் திருகுங்கள். ரெஞ்சு போட்டால் பிளாஸ்டிக் மரை உடையும். உள்ளே நடுவில் இறங்குகிற குழாயின் உட்புறத்தைப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். பலபேர் கிண்ணத்தை மட்டும் கழுவிவிட்டு, இந்தக் குழாயை விட்டுவிடுகிறார்கள், இரண்டே வாரத்தில் மறுபடி தேங்குகிறது. திரும்பப் பூட்டும்போது ரப்பர் வாஷர் பள்ளத்தில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். வாஷர் மூட்டுக்கு டேப் சுற்ற வேண்டியதில்லை. கழற்றிய அழுக்கை அதே சிங்கில் கொட்டுவது சிரிப்பாகத் தோன்றும். கீழே ட்ராப் இல்லை என்பதை மறந்து, அலமாரி முழுக்க நனைந்த பிறகு சிரிப்பு வராது.

ரப்பர் பம்ப்

புது அடைப்புக்கு நல்லது, நாள்பட்டதற்கு வீண். கப் மூழ்கும் அளவுக்கு, இரண்டு அங்குலத் தண்ணீர் நிற்க வேண்டும். ஓவர்ஃப்ளோ ஓட்டை இருந்தால் ஈரத் துணியால் அடைக்க வேண்டும், இல்லையென்றால் காற்று அந்த வழியாகப் போய்விடும். இரட்டைத் தொட்டி சிங்கில் அடுத்த தொட்டியின் வாயையும் ஒருவர் அழுத்திப் பிடிக்க வேண்டும். விளிம்பில் கொஞ்சம் வாசலின் தடவி, கப்பை எடுக்காமல் இருபது தடவை அழுத்தி, கடைசித் தடவை வெடுக்கென்று இழுங்கள். அழுத்துவதை விட இழுப்பில்தான் கட்டி அசையும். இரண்டு வெயில் காலம் மொட்டைமாடியில் கிடந்தால் ரப்பர் விறைத்து விளிம்பு பிடிக்காது. நிழலில் வைத்தால் நெடுநாள் வரும்.

காற்றழுத்த கன் வேண்டாம். சிங்குக் கீழே இருப்பதெல்லாம் வாஷர் மூட்டு. அழுத்தத்தில் அடைப்பு நகர்வதற்கு முன் மூட்டு கழன்றுகொள்ளும்.

ஸ்பிரிங்

வாங்குவதென்றால் 5 மீட்டர் நீளம், கைப்பிடி வைத்தது. விரல் தடிமனில் வருகிற முரட்டு ஸ்பிரிங் 50 மிமீ எல்போவில் திரும்ப அடம்பிடிக்கும். 6 முதல் 9 மிமீ தடிமன் வீட்டுக்குச் சரி. சிங்கின் வாயிலிருந்து விடவே விடாதீர்கள். பாட்டில் ட்ராப்பைத் தாண்டி எந்த ஸ்பிரிங்கும் போகாது, கிண்ணத்தில் சுருண்டு நிற்கும், அதைப் பார்த்துவிட்டு ஸ்பிரிங் உதவாது என்று மூலையில் போடுகிறவர்கள் அதிகம். ட்ராப்பைக் கழற்றிச் சுவர் ஓட்டையில் நேராக விட வேண்டும்.

ஒரு சாண், ஒரு சாணாகத் தள்ளிக்கொண்டே கைப்பிடியை வலப்பக்கம் சுற்றுங்கள். முட்டுகிற இடத்தில் இரண்டு வகை உணர்வு வரும். டக்கென்று கல்லில் இடித்தது போல இருந்தால் அது எல்போ. சுற்றிக்கொண்டே லேசாகத் தள்ளினால் திரும்பிவிடும். மெத்தையில் குத்தியது போல அமுங்கினால் அதுதான் அடைப்பு. அங்கே தள்ளாமல் பத்துச் சுற்று சுற்றி, சுற்றிக்கொண்டே வெளியே இழுங்கள். குத்தித் தள்ளினால் கட்டியில் ஒரு ஓட்டை விழும், தண்ணீர் போகும், 'அடைப்பு எடுத்தாச்சுக்கா' என்று பிளம்பர் காசு வாங்கிக்கொண்டு போவார். அந்த ஓட்டை அடுத்த பிரியாணி வரைக்கும்தான் தாங்கும். கட்டி துண்டு துண்டாக வெளியே வர வேண்டும். நான்கைந்து தடவை விட்டு எடுத்து, கடைசியாக ஒரு பக்கெட் வெந்நீரை ஒரே மூச்சில் ஊற்றுங்கள்.

இடப்பக்கம் சுற்றினால் சுருள் பிரிந்து, உள்ளே முடிச்சு விழும். ஈரத்தோடு சுருட்டி வைத்தால் ஆறே மாதத்தில் துருப்பிடித்துவிடும். துடைத்து, தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால் ஒரு இழுப்பு இழுத்து வைத்தால் வருஷக்கணக்கில் உழைக்கும். தடித்த கையுறை கட்டாயம். சுருள் துள்ளினால் விரல் தோலைப் பிடுங்கும்.

பவுடர்

இதன் உள்ளிருப்பது காஸ்டிக் சோடா. சிலவற்றில் சூடு கிளப்ப அலுமினியத் துகளும் உண்டு. தண்ணீர் பட்டதும் கொதிக்கும், கொழுப்பைச் சோப்பாக்கிக் கரைக்கும். பாடப் புத்தகத்தில் சரி. நம் பைப்பில் நடப்பது வேறு. ஏற்கெனவே சுண்ணாம்புச் சோப்பு ஆகிவிட்டதைக் காஸ்டிக் கரைக்காது. அது புதிதாக உண்டாக்கும் சோப்பும் பின்னால் ஊற்றுகிற உப்புத் தண்ணீரில் மறுபடி வெள்ளையாகத் திரியும். அதனால்தான் பவுடர் போட்ட அன்றைக்கு ஜோராக ஓடி, மாதம் திரும்புவதற்குள் பழைய நிலைக்கே வருகிறது.

முழுக்க அடைத்த பைப்பில் போடுவதுதான் பெரிய தப்பு. கீழே இறங்க வழியில்லாமல் பவுடர் ட்ராப்பிலேயே நின்று, ஆறியதும் கல்லாக இறுகும். பிறகு அந்த ட்ராப்பை அறுத்துத்தான் எடுக்க வேண்டும், அதற்குள் நிற்பதும் கையை வேகவைக்கிற தண்ணீர். மெதுவாகவாவது ஓடுகிற பைப்புக்கு மட்டும் இது. தேங்கிய தண்ணீரை மொண்டு ஊற்றிவிட்டு, பாக்கெட்டில் போட்ட அளவுக்கு மேல் ஒரு கரண்டி கூடப் போடாமல், முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு, ஜன்னலைத் திறந்து, அரை மணி நேரம் விடுங்கள். அலுமினியப் பாத்திரத்தைப் பக்கத்தில் வைக்காதீர்கள். கண்ணில் தெறித்தால் குழாயடியில் விடாமல் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும், உடனே ஆஸ்பத்திரிக்கும் போக வேண்டும்.

பவுடர் வேலை செய்யவில்லை என்று அடுத்தபடியாகப் பாத்ரூம் ஆசிட்டை ஊற்றுகிறவர்கள் உண்டு. காரமும் ஆசிட்டும் சேர்ந்தால் பைப்புக்குள்ளிருந்து முகத்துக்கே பீறிட்டு வரும். ப்ளீச்சும் ஆசிட்டும் சேர்ந்தால் குளோரின் வாயு. பிளம்பரைக் கூப்பிட்டால், பைப்பில் பவுடர் போட்டிருக்கிறது என்பதை வாசலிலேயே சொல்லிவிடுங்கள். கையை விடப் போகிறவர் அவர்.

சமையல் சோடா, வினிகர்: நுரைக்கும், பார்க்க நன்றாக இருக்கும். ஒன்றை ஒன்று சரிக்கட்டிக்கொண்டு போய்விடும், கட்டி அப்படியே இருக்கும். சோடாவை பஜ்ஜி மாவுக்கு வைத்துக்கொள்ளலாம்.

பைப்பையே மாற்றினால்

அடிக்கடி அடைக்கிற சிங்கில் நிஜக் குற்றவாளி பெரும்பாலும் அந்த வெள்ளைச் சுருள் பைப். நூறு ரூபாய்ச் சொச்சம், எந்தக் கோணத்திலும் வளையும், அதனால் எல்லோருக்கும் பிடிக்கும். உள்ளே ஒவ்வொரு மடிப்பும் கொழுப்புக்கு ஒரு அலமாரி. நீளம் அதிகமானால் நடுவில் தொங்கி, அங்கே ஒரு குட்டைத் தண்ணீர் எப்போதும் நிற்கும். வெட்டிக் குறைக்க மனமில்லாமல் சுருட்டிக் கட்டி வைத்திருப்பதையும் பார்க்கலாம். அதை எடுத்துவிட்டு, 40 மிமீ வழவழப்பான பிவிசி பைப், பாட்டில் ட்ராப், சுவர் ஓட்டையில் ரப்பர் காலர் என்று மாற்றினால் பாதித் தொல்லை தீரும். காலர் கரப்பான்பூச்சியையும் தடுக்கும்.

வீடு கட்டுகிறவர்கள் கொத்தனார் சிமென்ட் பூசுவதற்கு முன் இரண்டு விஷயம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சிங்குப் பைப்புக்கு மீட்டருக்கு 2.5 செமீ வாட்டம் (சரிவு). 90 டிகிரி எல்போ ஒன்றுக்குப் பதில் 45 டிகிரி இரண்டு, அல்லது வெளிச்சுவரில் திறக்கிற, கழற்றும் மூடி வைத்த டோர் எல்போ. நான்கு போல்ட் கழற்றினால் ஸ்பிரிங் இரண்டு பக்கமும் நேராகப் போகும். டைல்ஸ் ஒட்டிய பிறகு இதையே செய்வதென்றால் அடுப்படி முழுக்க உடைக்க வேண்டும்.

மாதாமாதம்

எண்ணெய்ச் சட்டியையும் பிரியாணி அண்டாவையும் கழுவுவதற்கு முன் பழைய தினத்தாளால் ஒரு துடைப்பு. இது ஒன்றே மற்ற எல்லாவற்றையும் விடப் பெரிது. வாரத்துக்கு ஒரு தரம், இரண்டு லிட்டர் வெந்நீரில் 100 கிராம் சலவைச் சோடாவைக் கரைத்து இரவு ஊற்றி விட்டுவிடுங்கள். பிசுக்கையும் இளக்கும், தண்ணீரின் கடினத்தையும் குறைக்கும். வெந்நீர் என்றால் கொதிநீர் இல்லை. பிவிசி 60 டிகிரிக்கு மேல் இளக ஆரம்பிக்கும், மூட்டு தொங்கும். கொதிநீரில் மூன்றில் ஒரு பங்கு பச்சைத் தண்ணீர் கலந்தாலும் இன்னும் சூடாகத்தான் இருக்கும். பச்சைத் தண்ணீர் பாதிக்கும் சற்று அதிகமாகவே இருக்கட்டும். சித்திரை, வைகாசியில் அடுப்பே வேண்டாம். மதியம் இரண்டு மணிக்குக் குழாயைத் திறந்தால் மொட்டைமாடி டேங்கிலிருந்து கை பொறுக்காத சூட்டில் தண்ணீர் வரும். கொழுப்புப் பாத்திரத்தை அந்த நேரத்துக்கு ஒதுக்கி வையுங்கள். வேலூர் வெயிலால் கிடைக்கிற ஒரே லாபம்.

பாட்டில் ட்ராப் கிண்ணத்தை இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கழற்றினால் மரை இறுகாது. வாஷர் மஞ்சளாகி விறைத்திருந்தால் அதே அளவில் புதியது போடுங்கள். கூம்பு வாஷர் என்றால் சரிவான முனை ட்ராப் பக்கம், தட்டையான பக்கம் நட்டுப் பக்கம். திருப்பிப் போட்டால் எவ்வளவு இறுக்கினாலும் சொட்டும்.