ஒரே நாளில் ஒழிப்பதா, நாளுக்கொரு லாச்சியா?

தைப்பொங்கல் நெருங்கும்போது வீட்டுச் சாமான் முழுவதையும் முற்றத்தில் இறக்கிப் பிரிப்பது ஒரு வழி. நாளுக்கு ஒரு லாச்சியைத் திறந்து வேண்டாததைக் கழிப்பது மற்றது.

உடுப்புகளுக்கு முதல் வழிதான் சரி. ஒரே குவியலாகப் பார்த்தால்தான் எத்தனை சேலைகள் கட்டாமலே கிடக்கின்றன என்பது உறைக்கும். ஆனால் எங்கள் திருகோணமலையில் வடகீழ்ப் பருவமழை ஜனவரியிலும் பெய்யும். முற்றத்தை நம்ப முடியாது. கச்சான் என்னும் வறண்ட காற்று வீசும் ஆடி மாதமே நல்லது. அலுமாரிக்குள் பூஞ்சணம் பிடித்த துணியும் அந்த வெயிலில் காய்ந்துவிடும்.

கடதாசிகளுக்கு அந்த வேகம் கூடவே கூடாது. போர்க்கால இடம்பெயர்விலும் 2004 சுனாமியிலும் காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், கல்யாணப் படம் எல்லாவற்றையும் பறிகொடுத்த குடும்பங்கள் இங்கே ஏராளம். பழைய பற்றுச்சீட்டைக்கூட வீச அம்மாவுக்குக் கை வராதது ஏன் என்று எனக்கு நன்றாகவே புரிகிறது. அவரை அவசரப்படுத்துவது கொடுமை. பக்கத்தில் அமர்ந்து, ஒவ்வொரு தாளாக வாசித்துக் காட்டி, வேண்டியதை நீர் புகாத உறையில் இட்டு, பிரதியெடுத்து வெளியூர் உறவினரிடம் ஒன்று கொடுத்து வைப்பேன்.

சமையலறைக்கு எந்த வழியும் போதும். உப்புக்காற்றில் துருவேறிய தகரப் பேணிகளை இன்றைக்கே பழைய இரும்புக்காரரிடம் கொடுத்துவிடலாம்.