தங்கசாலைச் சந்தில் செய்து வாங்கிய செம்பு வாலை

எங்கள் தாத்தா கும்பகோணம் பக்கம் நாட்டு வைத்தியம் பார்த்தவர். அவர் ஓமத் தீநீர் இறக்குகிற நாளில் தெருமுனை வரைக்கும் மணக்கும். பானை மேல் பானை, பக்கத்தில் ஒரு மூங்கில் குழாய், மூட்டுகளில் சீலைமண், அதாவது மண் தோய்த்த துணி. கொதிக்கவைத்து வருகிற ஆவியைக் குளிரவைத்து நீராக இறக்குகிற அந்தச் சாமானை வீட்டில் ‘வாலை’ என்போம். அவரோடு அதுவும் போய்விட்டது. கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்று, அயனாவரத்தில் மொட்டைமாடியோடு ஒரு வீடும் அமைந்த பிறகு எனக்கு முதலில் வந்த ஆசை இதுதான்: ஒரு வாலை வேண்டும், அதுவும் செம்பில் வேண்டும். பன்னீர், வெட்டிவேர்த் தண்ணீர், ஓமத் தீநீர் மூன்றையும் வீட்டிலேயே இறக்க வேண்டும்.

தங்கசாலைத் தெருவிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் எனக்கு அதைச் செய்து கொடுத்த கன்னாரை, அதாவது செம்பு, பித்தளைப் பாத்திரம் செய்கிறவரைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் அவரிடம் போவதற்கு முன்னால் ஏமாந்த கதையையும் சொல்லியாக வேண்டும். அது தெரியாவிட்டால் இவர் வேலையின் அருமை புரியாது.

முதலில் ஆன்லைனில்தான் வாங்கினேன். ஐந்து லிட்டர், 6,500 ரூபாய். படத்தில் தகதகவென்று இருந்தது. வந்ததும் மூடியைத் திருப்பி மூட்டுகளைப் பார்த்தேன். சாம்பல் நிறத்தில் தடிப்பாகப் பற்றவைத்திருந்தார்கள். நகத்தால் கீறினால் கோடு விழுந்தது. காகிதத்தில் தேய்த்தால் பென்சில் போல எழுதியது. எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. செம்பு கலக்காமல் அந்தப் பற்றை மட்டும் கொஞ்சம் சுரண்டி, இன்னும் ஆய்வகத்தில் வேலை பார்க்கும் என் சிநேகிதியிடம் கொடுத்தேன். நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் கரைத்து, பொட்டாசியம் அயோடைடு இரண்டு சொட்டு விட்டாள். பளிச்சென்று மஞ்சள் வீழ்படிவு. காரீயம், உடம்புக்கு நஞ்சு. விற்றவர்களிடம் கேட்டதற்கு ‘உணவுக்கு ஏற்றது’ என்று ஒரே வரியில் பதில் வந்தது. பணம் திரும்ப வரவில்லை.

இதில் நம் மொழியே ஒரு குழி வைத்திருக்கிறது. ரசம் வைக்கிற ஈயச் சொம்பும் ஈயம்தான், பாத்திரத்துக்குப் பூசுகிற ஈயமும் ஈயம்தான், பழைய பேட்டரிக்குள் இருப்பதும் ஈயம்தான். முதல் இரண்டும் வெள்ளீயமாக இருக்க வேண்டும், மூன்றாவது காரீயம். வெள்ளீயம் 232 டிகிரியில் உருகும், காரீயத்துக்கு 327 வேண்டும். இரண்டையும் சரியான அளவில் கலந்தால் 183 டிகிரியிலேயே உருகிவிடும். பற்றவைக்கிறவருக்கு அது சுலபம், விலையும் குறைவு. அதனால்தான் அந்தக் கலவை எங்கேயும் நுழைந்துவிடுகிறது. சூடான ஆவி மணிக்கணக்காக உரசிக்கொண்டு போகிற மூட்டில் அது இருக்கவே கூடாது. வாங்கும்போது “ஈயமா?” என்று கேட்காதீர்கள். “வெள்ளீயமா, காரீயமா?” என்று கேளுங்கள். கேட்ட கேள்வி புரியாமல் விழித்தால் அந்தக் கடையில் வாங்காதீர்கள்.

சந்தில் அந்தப் பட்டறைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. சென்ட்ரலிலிருந்து நடந்தே போய்விடலாம். தட்டுகிற சத்தம் காதில் விழுந்ததும் வலதுபுறம் பார்த்தால், பத்துக்குப் பத்து இடத்தில் ஒரு பெரியவரும் அவர் தங்கை மகனும் உட்கார்ந்திருப்பார்கள். கோயில் குடம், அண்டா, கலசம் இவைதான் அன்றாட வேலை. பேரையும் நம்பரையும் எங்கேயும் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். இருக்கிற வேலைக்கே கை போதவில்லையாம்.

நான் வரைந்து கொண்டுபோன படத்தைப் பார்த்ததும் சுத்தியலைக் கீழே வைத்தார்.

“எதுக்கும்மா இது? சரக்கு காய்ச்சவா?”

“இல்லண்ணே. பன்னீர், ஓமத்தண்ணி.”

“அதுக்குன்னா செய்றேன். மத்ததுக்குன்னா எத்தனை ரூபா குடுத்தாலும் செய்ய மாட்டேன். எங்க ஊர்ல பக்கத்து வீட்டுக்காரருக்கு அதுல கண்ணு போச்சு.”

அவர் கேட்டது சரியான கேள்வி. 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் தமிழ்நாட்டில் இன்றும் நடப்பில் இருக்கிறது. சாராயம் காய்ச்சுவது மட்டுமல்ல, அதற்கென்று வாலை வைத்திருப்பதே குற்றம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60 பேருக்கு மேல் இறந்தார்கள். அதன் பிறகு தண்டனையை இன்னும் கடுமையாக்கினார்கள். ஆகவே இதைப் படித்துவிட்டு வேறு நினைப்போடு அந்தப் பெரியவர் முன்னால் போய் நிற்க வேண்டாம் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

சொன்ன அளவு 12 லிட்டர். அகலம் 25 சென்டிமீட்டர், உயரமும் அதே. 18 கேஜ் தகடு, அதாவது ஒன்றேகால் மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. இதைவிட மெல்லியது வேண்டாம், அடிபட்டால் நசுங்கும் என்றார்.

பானையின் நெடுக்கு மூட்டை அவர் போட்ட விதத்தை நான் அரை நாள் உட்கார்ந்து பார்த்தேன். தகட்டின் ஒரு விளிம்பைப் பல் பல்லாக வெட்டினார். ஒரு பல்லை மேலே, அடுத்ததைக் கீழே என்று மாற்றி மாற்றி வளைத்து, எதிர் விளிம்பை அதற்குள் செருகி, பட்டடையில் வைத்துத் தட்டி இறுக்கினார். வெறும் கோர்ப்பிலேயே தண்ணீர் நிற்கும் போலிருந்தது. அதற்கு மேல்தான் சில்வர் ராடு, அதாவது வெள்ளி கலந்த பற்றுக்கம்பி வைத்து கேஸில் பற்றவைத்தார். ராடில் காட்மியம் என்ற நச்சு உலோகம் இருக்கக் கூடாது என்று சொல்ல வாயெடுத்தேன். உறையோடு எடுத்து என் கையில் கொடுத்து, “படிச்சுக்கம்மா” என்றார். காட்மியம் இல்லாத ராடுதான்.

தட்டத் தட்டச் செம்பு விறைத்துக்கொள்ளும். அப்படியே தொடர்ந்து தட்டினால் விரிசல் விடும். இவர் நான்கு தடவை சிவக்கச் சுட்டுத் தண்ணீரில் முக்கினார். இரும்பை அப்படிச் செய்தால் இறுகும், செம்பு இளகிக் கொடுக்கும். ஓசை மாறுவதை வைத்தே எப்போது சுட வேண்டும் என்று கண்டுபிடிக்கிறார். முப்பது வருடம் ஆய்வகத்தில் இருந்த எனக்கு அந்த ஓசை வித்தியாசம் பிடிபடவே இல்லை.

சுருளுக்கு ஏசி மெக்கானிக்குகள் வாங்குகிற அரை அங்குலச் செம்புக் குழாய், நான்கு மீட்டர். சும்மா வளைத்தால் நெளிந்து அடைத்துக்கொள்ளும். சலித்துக் காயவைத்த மணலை உள்ளே நிரப்பி, இரு முனையிலும் கட்டை அடித்து, ஒரு பழைய இரும்புக் குழாய் மேல் சுற்றினார் தங்கை மகன். ஆறு சுற்று, ஒன்று கூட நசுங்கவில்லை. எல்லாச் சுற்றும் கீழ்நோக்கியே சரிகிறது. எங்காவது ஒரு வளைவு மேலேறினால் அங்கே தண்ணீர் தேங்கி வாலை விக்கும். அந்தப் பையனுக்கு இதை யாரும் பாடமாகச் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள்.

செம்பே ஏன், ஸ்டீல் போதாதா என்று என் மகள் கேட்டாள். நியாயமான கேள்விதான். சூட்டைக் கடத்துவதில் செம்பு ஸ்டீலைவிட இருபது மடங்குக்கு மேல். அடியில் ஓரிடம் மட்டும் காந்தி, பூ கருகுகிற வாடை வராது. மதுபானம் வடிக்கிறவர்கள் செம்பை விடாததற்குக் காரணம் வேறு. நொதித்த சரக்கிலிருந்து கிளம்புகிற, கெட்ட வாடை அடிக்கும் கந்தகச் சேர்மங்களைச் செம்பு பிடித்து வைத்துக்கொள்ளும். ஸ்காட்லாந்தில் மால்ட் விஸ்கியும் பிரான்சில் கோன்யாக் பிராந்தியும் இன்றைக்கும் செம்பு வாலையில்தான் இறங்குகின்றன. ரோஜாவுக்கு அந்தத் தொல்லை இல்லை. பன்னீர் மட்டும் போதுமென்றால் நல்ல ஸ்டீல் வாலையே வாங்குங்கள், காசு மிச்சம்.

பத்து நாளில் தருகிறேன் என்றவர் இருபத்துநான்காம் நாள்தான் தந்தார். இடையில் ஒரு கும்பாபிஷேகக் கலச வேலை வந்துவிட்டது. மூன்று தடவை வீணாக அலைந்தேன். போன் செய்தால் எடுப்பதில்லை. இது குறைதான், சொல்லாமல் இருக்க முடியாது. எடை நான்கு கிலோ நானூறு கிராம். அன்றைய தகட்டு விலையும் கூலியும் சேர்த்து 9,800 ரூபாய். எடையை என் கண் முன்னால்தான் போட்டார்.

முதல் ஓட்டம் வெறும் தண்ணீரும் வினிகரும். எலுமிச்சை பிழியச் சொல்வார்கள், அதன் புளிப்பு ஆவியாகாமல் பானையிலேயே தங்கிவிடும். வினிகரின் அமிலம் ஆவியோடு ஏறி, சுருளையும் கழுவிக்கொண்டு வரும். வந்த தண்ணீர் இளநீலமாக இருந்தது. அது செம்பு கரைந்து வந்த நிறம். கொட்டிவிட்டு மறுபடி இரண்டு தடவை வெறும் தண்ணீர் ஓட்டினேன், தெளிந்துவிட்டது. எப்போது நீலமோ பச்சையோ தெரிந்தாலும் அந்தத் தண்ணீரை வாயில் வைக்காதீர்கள். சைவ சித்தாந்தத்தில் உயிரோடு ஒட்டியே இருக்கிற அழுக்கான ஆணவ மலத்துக்கு, செம்பில் ஏறுகிற பச்சைக் களிம்பை உவமை சொல்வார்கள். செம்பு இருக்கிற வரை களிம்பு வந்துகொண்டேதான் இருக்கும். ஒவ்வொரு தடவையும் புளி போட்டுத் தேய்த்து, ஈரம் இல்லாமல் துடைத்துக் கவிழ்த்து வைக்கிறேன்.

கோயம்பேட்டில் விடியற்காலை போய்ப் பன்னீர் ரோஜா வாங்கி வந்தேன். ஆய்ந்து எடுத்த இதழ் ஒன்றரைக் கிலோ, தண்ணீர் நான்கு லிட்டர். மூடிக்கும் பானைக்கும் நடுவே கோதுமை மாவைப் பிசைந்து பூசினேன். தாத்தாவின் சீலைமண்ணுக்கு இதுதான் என் மாற்று. அதில் ஒரு பாதுகாப்பும் உண்டு. இதழ் போய்க் கழுத்தை அடைத்தால் மாவு முதலில் பிய்த்துக்கொள்ளும், பானை வெடிக்காது. அடைக்காமல் இருக்கப் பெரியவர் தானாகவே ஒரு துளைத் தட்டு செய்து உள்ளே வைத்திருந்தார். நான் கேட்கவும் இல்லை, அவர் அதற்குக் காசு வாங்கவும் இல்லை.

சென்னையில் வாலை வைப்பவருக்கு உண்மையான எதிரி குளிர்நீர்தான். ஒரு லிட்டர் ஆவியைத் தண்ணீராக்க, 30 டிகிரித் தண்ணீர் 60 டிகிரி வரை சூடேறுவதாக வைத்தால், இருபது லிட்டர் வேண்டும். மே மாத மத்தியானம் மேல்தொட்டித் தண்ணீர் கையைச் சுடும், அதை வைத்து எதைக் குளிர்விப்பது? 2019இல் ஏரிகள் வற்றி, லாரிக்குக் குடம் குடமாக நின்ற ஊர் இது. குழாயைத் திறந்துவிட எனக்கு மனசு வராது. காலை ஐந்து மணிக்கே ஆரம்பிக்கிறேன். பழைய பெயிண்ட் வாளியில் சுருளை வைத்து, அடியில் குளிர்ந்தது நுழைந்து மேலே சூடானது வெளியேறும்படி விடுகிறேன். வருகிற வெந்நீர் குளிக்கவும் பாத்திரத்துக்கும் போகிறது, ஆறியது செடிக்கு.

முதல் சொட்டு விழுந்தபோது மாடியில் நான் மட்டும்தான் இருந்தேன். கீழ் வீட்டு அம்மா “என்னடி, கல்யாண வீடு மாதிரி மணக்குது” என்று ஏறி வந்துவிட்டார். முதல் ஒரு லிட்டரில்தான் பூ இருக்கிறது. அதற்கப்புறம் வேகவைத்த இலை வாசனை வர ஆரம்பித்தது, அடுப்பை அணைத்துவிட்டேன்.

வெட்டிவேர் பொறுமையைச் சோதித்தது. ராசப்பச் செட்டித் தெருவில் வாங்கியதை நறுக்கி ஒரு ராத்திரி ஊறவைத்து, ஐந்து மணி நேரம் ஓட்டினேன். தண்ணீர் மணத்தது, எண்ணெய் என்று சொல்ல நாலு பொட்டுதான். வெட்டிவேர் எண்ணெய் லேசில் ஆவியாகாது. கிட்டத்தட்ட தண்ணீரின் கனமே இருப்பதால் சட்டென்று மிதந்து பிரியவும் செய்யாது. எண்ணெய்க்கு ஆசைப்பட்டு இந்த அளவு வாலை வாங்கினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். ஓமம் அப்படி இல்லை. கால் கிலோவை ஒன்றிரண்டாக இடித்துப் போட்டேன், அரை மணியில் கண்ணைக் கரிக்கும் காரத்தோடு இறங்கியது. மேலே மிதந்த எண்ணெயை மட்டும் தனியாக எடுத்து ஃபிரிட்ஜில் வைத்தேன், இரண்டு நாளில் ஓரமாக ஓம உப்பு பூத்திருந்தது. தாத்தா அதை விரல் நுனியில் எடுத்துக் காட்டியது ஞாபகம் வந்து அப்படியே நின்றுவிட்டேன்.

பானையில் எனக்கு இரண்டு குறை. பித்தளைக் கைப்பிடிகள் வயிற்றை ஒட்டி இருப்பதால் துணி இல்லாமல் தொட முடியாது. இன்னும் இரண்டு விரற்கடை தள்ளி ரிவிட் அடித்திருக்கலாம். வாளியின் அடியில் சுருள் வெளியே வருகிற இடம் முதல் நாளே கசிந்தது. அதைத் தூக்கிக்கொண்டு போனபோது வேறு வேலையை நிறுத்திவிட்டு, இருபுறமும் பித்தளை நட்டு வைத்துச் சரிசெய்து கொடுத்தார், கூலி வாங்கவில்லை. பிறகு சொட்டு கூடக் கசியவில்லை. செம்பு என்பதால் இண்டக்‌ஷன் அடுப்பில் ஏறாது, கேஸ்தான்.

போன வாரம் ஒரு பாட்டில் ஓமத் தீநீர் எடுத்துக்கொண்டு போனேன். தாம்பரத்தில் இருக்கும் என் தங்கைக்கு ஐந்து லிட்டரில் ஒன்று வேண்டும் என்றேன், கைப்பிடி தள்ளி இருக்கட்டும் என்பதையும் சேர்த்து. நாற்பது நாள் ஆகும், முன்கூட்டியே சொல்லிவிட்டேன், திட்டக் கூடாது என்றார். 2,000 ரூபாய் முன்பணம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.