கையால் வனைந்த சேவிங் கிண்ணம்: வாங்குமுன் சுண்டிப் பாருங்கள்

கிராமத்துக் குயவர் சக்கரத்தில் வனைந்து தரும் சேவிங் கிண்ணம் பிளாஸ்டிக் கிண்ணத்தைவிடப் பல மடங்கு மேல். கனம் இருப்பதால் பிரஷைச் சுழற்றும்போது வழுக்கி ஓடாது. சூடான நீரில் இரண்டு நிமிடம் ஊறவிட்டால் நுரை சட்டென்று ஆறிப்போகாது.

வாய் அகலம் 10 முதல் 12 செ.மீ., ஆழம் 6 செ.மீ. போதும். கவனிக்க வேண்டியது உட்புறத்தில் விரலால் இழுத்த வளைய வரிகளை. அந்த மேடுகளில் உரசும்போதுதான் நுரை சீக்கிரம் திரளும். ஆனால் முகடு கூராக இருந்தால் பிரஷ் முடி ஒடியும். விரல் நுனியால் தடவினால் சொரசொரப்பு படக் கூடாது.

கிண்ணத்தை உள்ளங்கையில் வைத்துச் சுண்டுங்கள். 'ணங்' என்று கேட்டால் நல்லது. 'டப்' என்று அமுங்கினால் எங்கோ கீறல் இருக்கலாம்.

சுமார் 1200 டிகிரி செல்சியஸில் நன்றாகச் சுட்ட ஸ்டோன்வேர் என்னும் கெட்டியான மண்பாண்டம் நீரை அவ்வளவாக உறிஞ்சாது. குறைந்த சூட்டில் வெந்த செம்மண் பாண்டம் உறிஞ்சும், கிளேஸ் (கண்ணாடி போன்ற மேற்பூச்சு) பூசாத அடிவளையம் வழியாகவும் ஈரம் ஏறும். எனவே கழுவியதும் கவிழ்த்து வையுங்கள். ஆறிய கிண்ணத்தில் கொதிநீரைக் கொட்டினால் விரிசல் விடலாம்.

பிரஷைக் கழுத்தில் மாட்டித் தொங்கவிடும் மண் ஸ்டாண்டையும் குயவரிடம் சொல்லிச் செய்தால், அதில்தான் தவறு அதிகம். களிமண் காய்ந்து வெந்ததும் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு சுருங்கிவிடும். பிரஷ் கழுத்தின் அளவைச் சொல்லும்போதே, சுட்ட பிறகு வேண்டிய அளவு என்று அழுத்திச் சொல்லுங்கள்.