860 வெள்ளி போச்சு: "மெஷ் வைஃபை பொருத்தித் தருகிறேன்" என்று வருபவர்களிடம் கவனம்

கோபத்தில் எழுதுகிறேன், முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை பொருத்தியது, இன்று திங்கள். மூன்று பெட்டி மெஷ் வைஃபைக்கு (வீடு முழுக்கச் சிக்னல் எட்ட, அங்கங்கே வைத்து ஒரே வலையாக இணைக்கும் ரவுட்டர்கள்) 640, இரண்டு படுக்கையறைக்குக் கேபிள் இழுக்க 220. ஆக 860 வெள்ளி. விற்றவர் கடை வைத்திருப்பவர் அல்ல. இணையச் சந்தைத் தளத்தில் ரவுட்டர் விற்று, வீட்டுக்கே வந்து பொருத்தியும் தருகிற ஆள். ஆள் பெயரும் தளத்தின் பெயரும் இங்கே வேண்டாம். இந்த மாதிரி ஆட்கள் நிறையப் பேர் சுற்றுகிறார்கள்.

வீடு சிங்கப்பூர் செங்காங்கில், நாலறை வீவக (அரசு அடுக்குமாடி) வீடு. ஃபைபர் முனை ஹாலில், டிவிக்குப் பின்னால். ஹாலுக்கும் பின் அறைகளுக்கும் நடுவே பாம் ஷெல்டர் (குண்டுவீச்சின்போது பதுங்கும் தடித்த சுவர் அறை). விலை சொல்வதற்கு முன்பே அவர் வீட்டு வரைபடத்தை வாட்ஸ்அப்பில் கேட்டு வாங்கினார். சிவப்புப் புள்ளி வைத்துத் திருப்பி அனுப்பினார்: "அண்ணே, ஷெல்டர் சுவர் கம்பி போட்ட கான்கிரீட், கதவு இரும்பு. சிக்னல் தாண்டாது. அந்தச் சுவரைத் துளைக்கவும் கூடாது. சுத்தி டிரங்கிங் (கேபிளை மறைக்கிற பிளாஸ்டிக் உறை) போட்டு ரெண்டு ரூமுக்கும் கேபிள் கொடுத்துடலாம்." அத்தனையும் சரியான பேச்சு. தொழில் தெரிந்தவர் என்று நம்பியது இந்த இடத்தில்தான். அடுத்த செய்தி: "தளத்துல போட்டா கமிஷன் போயிடும்ணே. பேநவ் பண்ணுங்க, 40 வெள்ளி குறைச்சுக்கிறேன்." பேநவ் என்றால் வங்கிக் கணக்குக்கு நேரடியாகப் பணம் அனுப்புவது. 900 என்றது 860 ஆனது. அந்த 40 வெள்ளிக்கு ஆசைப்பட்டதற்கான தண்டனைதான் இந்தப் பதிவு.

முதல் மோசடி பெட்டிக்குள். விளம்பரத்தில் "வைஃபை 7, மூன்று அலைவரிசை" என்றிருந்தது. மூன்று அலைவரிசை என்றால் 2.4, 5, 6 கிகாஹெர்ட்ஸ் என்றுதான் யாரும் எடுத்துக்கொள்வார்கள். வந்தது சீனச் சந்தைக்கான பதிப்பு. அங்கே 6 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்குத் திறந்துவிடப்படவில்லை, 2023இல் அதன் மேல்பகுதியைக் கைப்பேசிச் சேவைக்கு ஒதுக்கிவிட்டார்கள். அதனால் அந்தப் பதிப்பில் 6 கிகாஹெர்ட்ஸ் ரேடியோவே கிடையாது. 5 கிகாஹெர்ட்ஸையே மேல், கீழ் என்று இரண்டாகப் பிரித்து, 2.4ஐயும் சேர்த்து "மூன்று" என்று எண்ணுகிறார்கள். கணக்கு தப்பில்லை, விற்ற விதம்தான் தப்பு. சிங்கப்பூரில் 5925 முதல் 6425 மெகாஹெர்ட்ஸ் வரை வைஃபைக்கு உண்டு. வைஃபை 7இன் பெருமையான 320 மெகாஹெர்ட்ஸ் அகலச் சேனல் அதற்குள் ஒன்றே ஒன்றுதான் அடங்கும். அந்த ஒன்றுக்காகத்தான் கூடுதல் விலை கொடுப்பதே.

பார்த்தவுடன் தெரிந்திருக்க வேண்டிய அடையாளங்கள்: அடாப்டரில் தட்டையான இரண்டு முள், அதன்மேல் மாட்டிய மலிவு மூன்று முள் மாற்றி. இங்கே விற்கிற அடாப்டரில் சேஃப்டி மார்க் (மின்பாதுகாப்பு முத்திரை) இருக்க வேண்டும், இதில் இல்லை. ரவுட்டரின் அடியில் ஐஎம்டிஏ (தகவல்தொடர்பு ஆணையம்) தரநிலை ஒட்டு இல்லை. 2021 ஏப்ரலிலிருந்து இங்கே விற்கும் வைஃபை ரவுட்டர்கள் இணையப் பாதுகாப்பு முத்திரைத் திட்டத்தின் முதல் நிலையையாவது தொட்டிருக்க வேண்டும், அந்த முத்திரையும் இல்லை. பெட்டியைப் பிரித்து அட்டையை எடுத்து ஓரமாகக் கட்டி வைத்தது அவரேதான். உதவி செய்கிறார் என்று நினைத்தாகிவிட்டது.

பிறகு ஹால் ரவுட்டருக்கு ஓரடி தள்ளி நின்று கைப்பேசியில் ஸ்பீடு டெஸ்ட். 800 மெகாபிட்டுக்கு மேல் காட்டியது. "பாத்தீங்களாண்ணே?" ஓரடி தூரத்தில் சாதாரண வைஃபை 6 ரவுட்டரே அந்த எண்ணைக் காட்டும். சோதிக்க வேண்டியது கடைசி அறையில், கதவைச் சாத்திக்கொண்டு. 6 கிகாஹெர்ட்ஸ் உண்டா என்பதை விண்டோஸ் 11 மடிக்கணினியில் வைஃபை பண்புகளைத் திறந்தால் "நெட்வொர்க் பேண்ட்" என்ற வரியே சொல்லிவிடும். மடிக்கணினியிலும் 6 கிகாஹெர்ட்ஸ் பிடிக்கிற வைஃபை 6இ அல்லது 7 அட்டை இருக்க வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

இரண்டாவது மோசடிதான் வயிற்றெரிச்சல். இரவு இரண்டு அறைகளிலும் சோதித்தால் 94 மெகாபிட். மறுபடியும் 94. எந்த நேரம் பார்த்தாலும் 94. இந்த எண் கண்ணில் பட்டால் வைஃபையைத் திட்டாதீர்கள், கேபிளைப் பாருங்கள். 100 மெகாபிட் இணைப்பில் நிஜத்தில் கிடைப்பது அவ்வளவுதான். ஜிகாபிட்டாக இருந்தால் 940 பக்கம் வரும். ஜிகாபிட்டுக்கு எட்டு வயரும் வேண்டும், 100க்கு நான்கு போதும். சுவர் பாயிண்டைக் கழற்றினால் ஓர் அறையில் ஆரஞ்சு, பச்சை ஜோடிகள் மட்டும். அடுத்த அறையில் நீலம், பழுப்பு ஜோடிகள். ஒரே கேபிளை இழுத்து, டிரங்கிங்குக்குள் மேலுறையை உரித்து இரண்டாகப் பிரித்து, இரண்டு கேபிள் என்று 220 வெள்ளி வாங்கியிருக்கிறார். அந்தக் காலத்தில் 100 மெகாபிட் அலுவலகங்களில் செய்த வேலை இது. இதில் வேடிக்கை, மெஷ் பெட்டி கேபிள் செருகியிருந்தால் அதைத்தான் நம்பும். கேபிளைப் பிடுங்கியதும் அதே அறையில் வைஃபை வழியாகவே 300 வந்தது. காசு கொடுத்து வேகத்தைக் குறைத்துக்கொண்ட கதை.

போதாக்குறைக்குக் கம்பி சுத்தமான செம்பும் இல்லை. பிளேடால் லேசாகச் சுரண்டினால் உள்ளே வெள்ளை. செம்பு முலாம் பூசிய அலுமினியம், இரண்டு தடவை மடக்கினால் ஒடிகிறது.

மூன்றாவது, பலர் கவனிக்காதது. செயலியில் பெட்டிகளைப் பதிவு செய்தது அவருடைய மின்னஞ்சலில். எனக்குக் கிடைத்தது விருந்தாளி உரிமை. வீட்டில் எந்தச் சாதனம் எப்போது இணைகிறது என்று அவர் தன் வீட்டிலிருந்தே பார்க்கலாம், கடவுச்சொல்லை மாற்றலாம், பூட்டிக்கூடப் போடலாம். டெல்கோ (இணையச் சேவை நிறுவனம்) கொடுத்த ரவுட்டரும் புதியதும் இரண்டுமே ரவுட்டர் முறையில் ஓடிக்கொண்டிருந்தன. ஒன்றை பிரிட்ஜ் அல்லது ஆக்சஸ் பாயிண்ட் முறைக்கு (இணைப்பைக் கடத்திவிடும் வேலை மட்டும்) மாற்றாவிட்டால் சிசிடிவியை வெளியிலிருந்து பார்ப்பதும் விளையாட்டும் படுத்தி எடுக்கும்.

இனி பதில்களைக் கேளுங்கள். சனி இரவு: "24 மணி நேரம் விடுங்கண்ணே, தானா செட் ஆகும்." ஞாயிறு காலை: "உங்க ஃபோன் பழசா இருக்கும்." மதியம்: "டெல்கோவைக் கூப்பிடுங்க, லைன் பிரச்சினை." வயரைப் படம் எடுத்து அனுப்பியதற்கு: "ரெண்டு பாயிண்ட் கேட்டீங்க, ரெண்டு பாயிண்ட் இருக்குல்ல?" 860 வெள்ளியைத் திருப்பிக் கேட்டதும் "அண்ணே" போய் "சார்" வந்தது: "பாக்ஸ் பிரிச்சாச்சு சார், ரிட்டர்ன் இல்லை." தளத்தில் புகார் செய்தால், பணம் எங்கள் வழியாகச் செலுத்தப்படவில்லை, நாங்கள் தலையிட முடியாது என்று இரண்டு வரி. வங்கியோ, பேநவ் நீங்களே அனுமதித்த பரிமாற்றம் என்றது. 860 வெள்ளிக்கு மூன்று இடத்தில் மூன்று கதவு சாத்தல்.

லெமன் சட்டம் (குறையுள்ள பொருளுக்கு விற்றவரைப் பொறுப்பாக்குவது) 2012 செப்டம்பரிலிருந்து இருக்கிறது. ஆறு மாதத்துக்குள் தெரியும் குறை வாங்கும்போதே இருந்ததாகக் கொள்ளப்படும். ஆனால் விற்றவர் வியாபாரமாகச் செய்பவராக இருக்க வேண்டும், "நான் தனியாள், பழைய பொருளை விற்றேன்" என்று நழுவப் பார்ப்பார்கள். அவருடைய மற்ற விளம்பரங்களை எல்லாம் படம் பிடித்து வைத்தாயிற்று. சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்தில் 5,000 வெள்ளி வரையிலான கோரிக்கைக்குப் பயனீட்டாளர் கட்ட வேண்டியது 10 வெள்ளி, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

எப்படித் தேர்ந்தெடுப்பது என்று விரிவாக எழுத நினைத்தேன், பொறுமை இல்லை. அவசரத்துக்கு இவ்வளவு: தளத்துக்கு வெளியே பணம் அனுப்பாதீர்கள். மாடல் எண்ணை முழுதாகக் கேட்டு, தயாரிப்பாளரின் சிங்கப்பூர்ப் பக்கத்தில் 6 கிகாஹெர்ட்ஸ் இருக்கிறதா என்று பாருங்கள். "பிஇ3600" மாதிரி எண்ணெல்லாம் கூட்டுத்தொகை, 688ஐயும் 2882ஐயும் கூட்டினால் வரும் 3570ஐ முழு எண்ணாக உயர்த்திச் சொல்வது. அதில் 6 கிகாஹெர்ட்ஸ் இல்லை. அறைக்கு ஒரு முழுக் கேபிள், கேட் 6 தரம், சுத்தச் செம்பு என்று ரசீதில் எழுதச் சொல்லுங்கள். காசு கொடுக்கும் முன் ஒவ்வொரு பாயிண்டிலும் மடிக்கணினியைச் செருகி 1 ஜிகாபிட் காட்டுகிறதா என்று பாருங்கள். கணக்கு உங்கள் மின்னஞ்சலில்தான்.

ஏற்கெனவே இவர் மாதிரி ஒருவர் பொருத்திப் போயிருந்தால், இன்றைக்கே எல்லாப் பெட்டியையும் ரீசெட் செய்து உங்கள் பெயரில் பதிவு செய்யுங்கள். படிவம் நிரப்ப வேண்டியிருக்கிறது, போகிறேன்.