அன்றைய குழுவும் இன்றைய குழுவும் ஒரே சட்டத்தில்

பழைய ஒளிப்படத்தைச் சீராக்கி, இன்றைய படத்துடன் ஒரே சட்டத்தில் அச்சிட்டுத் தரும் சேவை ஒன்றிடம், எஃகுக் கட்டுமானக் குழுக்களின் இரண்டு படங்களை ஒப்படைத்திருந்தேன். தாளிலும் அச்சிலும் குறையில்லை. இரு படங்களிலும் ஆட்களின் உயரம் ஒத்திருக்குமாறு அளவைப் பொருத்தியிருப்பதால், ஒப்பிட்டுப் பார்ப்பது எளிதாக இருக்கிறது.

சீராக்கிய விதத்தில்தான் பிழை நேர்ந்தது. பழைய படத்தில் இருப்பது, எஃகுத் துண்டுகளை இணைக்கும் ஆணியான ரிவெட்டை அடிக்கும் நால்வர் குழு: ஒருவர் ஆணியை உலையில் பழுக்கக் காய்ச்சி இடுக்கியால் வீசுவார், அடுத்தவர் அதை வாளியில் ஏந்தித் துளையில் செருகுவார், மூன்றாமவர் தலைப்பக்கம் முட்டுக்கொடுத்து நிற்க, நான்காமவர் காற்றுச் சுத்தியலால் மறுமுனையை அடித்து மழுக்குவார். வீசப்பட்ட ஆணி அந்தரத்தில் சிறு வெண்கீற்றாகப் பதிந்திருந்ததைக் கீறல் என்று எண்ணி அழித்துவிட்டார்கள். ஆணி மறைந்ததும், வாளியை நீட்டியபடி நிற்பவர் எதற்கு நிற்கிறார் என்பதே விளங்காமல் போயிற்று. சுட்டிக்காட்டியதும் கட்டணமின்றி மறுபடி அச்சிட்டுத் தந்தார்கள். வண்ணமேற்றிய பிரதியை மட்டும் திருப்பிவிட்டேன். அக்காலத்தில் துருவைத் தடுக்க எஃகின் மீது பரவலாகப் பூசப்பட்ட ஈயச் செந்தூரம் செம்மஞ்சள் நிறமுடையது, அவர்களோ உத்தரங்கள் அனைத்துக்கும் சாம்பல் நிறம் தீட்டியிருந்தார்கள்.

வலப்பக்கப் படத்தில் இருவர் மட்டுமே. காய்ச்சாமலே முறுக்கிப் பொருத்தும் உயர்வலுப் போல்ட்டுகளுக்கான முதல் விதிமுறை 1951இல் அமெரிக்காவில் வெளிவந்தபின் ரிவெட் படிப்படியாக ஒதுங்கியது. உலையும் வாளியும் அவற்றைக் கையாண்டவர்களும் படத்திலிருந்து விலகிய காரணம் அதுவே. துணித்தொப்பி இருந்த இடத்தில் தலைக்கவசமும், வெறும் இடுப்பு இருந்த இடத்தில் உடலோடு பிணைத்த பாதுகாப்புப் பட்டையும் வந்திருக்கின்றன. முகங்கள் பாதி மறைந்துவிட்டன என்பது எனக்குச் சற்று வருத்தமே, ஆனால் அதைக் குறையாகச் சொல்ல மாட்டேன்.

நியூயார்க்கில் 11 தொழிலாளர்கள் உத்தரத்தின் மீது வரிசையாக அமர்ந்து உண்ணும் 1932ஆம் ஆண்டுப் படத்தை, 'அன்றைய வேலைநாள்' என்ற தலைப்புடன் தங்கள் மாதிரித் தொகுப்பில் வைத்திருக்கிறார்கள். அமர்ந்திருப்பவர்கள் உண்மையான எஃகுத் தொழிலாளர்களே. காட்சியோ கட்டடத்தின் விளம்பரத்துக்காக ஏற்பாடு செய்யப்பட்டது. ஒப்பீட்டையே தொழிலாகக் கொண்டவர்கள் இவ்வேறுபாட்டைத் தலைப்பிலேயே குறித்திருக்க வேண்டும்.

எந்தப் புள்ளியைத் தொடக்கூடாது என்று குறிப்பிட அவர்களது படிவத்தில் இடமில்லை. படத்தின் நகலொன்றில் வட்டமிட்டு, படிவத்துடன் சேர்த்தே அனுப்பிவிடுங்கள்.