பிளேடை வளைப்பதா, கோணத்தை ஆட்டுவதா?

தரையிறங்க வரும் ஹெலிகாப்டர் திடீரென்று 'டப் டப் டப்' என்று அடிப்பதைக் கேட்டிருப்பீர்கள். ஒரு பிளேடின் நுனியிலிருந்து கழன்ற காற்றுச் சுழலை அடுத்த பிளேடு வெட்டுகிறது. நேராகப் பறக்கும்போது சுழல்கள் கீழே போய்விடும். இறங்கும்போது ரோட்டர் தளத்திலேயே, அதாவது பிளேடுகள் சுற்றும் மட்டத்திலேயே, தங்கிவிடுகின்றன. சுழல் பிளேடுக்கு இணையாகக் கிடந்தால்தான் மோசம். பிளேடின் முழு நீளத்திலும் ஒரே கணத்தில் அறை விழும்.

இதைக் குறைக்க இரண்டு வழி.

சத்தம்: ஏர்பஸ்ஸின் எச்160 ஹெலிகாப்டரில் உள்ளதுபோல் முன்னும் பின்னும் வளைந்த பிளேடு, சுழலை இடம் இடமாக, வெவ்வேறு கணத்தில் சந்திக்கிறது. 3 முதல் 4 டெசிபல் குறையும் என்கிறது ஏர்பஸ். இன்னொரு வழி, ஒவ்வொரு சுற்றிலும் பிளேடின் கோணத்தைப் பலமுறை லேசாக ஆட்டுவது. சுழல் கொஞ்சம் விலகிப் போகும்.

அதிர்வு: இங்கேதான் சிக்கல். 2001-இல் நடந்த ஹார்ட் 2 காற்றுச்சுரங்கச் சோதனையில் சுற்றுக்கு 3 முறை, ஒரு பாகைக்கும் குறைவாக ஆட்டினார்கள். ஆட்டும் கட்டத்தை, அதாவது சுற்றில் எந்த இடத்தில் ஆட்டுவது என்பதை, ஒருபக்கம் நகர்த்தினால் சத்தம் குறைந்தது, இன்னொரு பக்கம் நகர்த்தினால் அதிர்வு குறைந்தது. இரண்டும் ஒரே அமைப்பில் கிடைக்கவில்லை.

செலவு, பராமரிப்பு: வளைந்த பிளேடைச் செய்வதுதான் கஷ்டம், அப்புறம் தனி வேலை இல்லை. ஆட்டும் அமைப்புக்கு ஆக்சுவேட்டர் (அசைக்கும் கருவி), சென்சார், கூடுதல் எடை.

புதிதாக வடிவமைப்பவர் பிளேடையே வளைக்கட்டும். இருக்கிற ரோட்டரில் வேகத்துக்கும் இறங்கும் கோணத்துக்கும் ஏற்ப மாற்றிப் பார்க்கும் ஆய்வுக்கு ஆட்டும் முறை சரி.