டிக்கி லைனிங்கில் இரண்டு துளைகள்: மூன்று வருட அனுபவம்

2003 மாடல் பி.எம்.டபிள்யூ 330சிஐ, இரண்டு கதவு கூபே, ஈ46 தலைமுறை. இதுதான் என் வண்டி. நான் மூன்றாவது உரிமையாளர். ஆறு சிலிண்டர், 3 லிட்டர், 231 குதிரைத்திறன். வாங்கிய அடுத்த வருடமே அட்ஜஸ்ட் செய்யக்கூடிய காயிலோவர் செட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் அடங்கிய சஸ்பென்ஷன் செட்) போட்டேன். நாலு ஷாக்கின் தலையிலும் ஒரு திருகு, 30 கிளிக், அதாவது 30 படிகள். வலப்பக்கம் திருப்பினால் உள்ளே ஆயில் போகும் வழி சுருங்கி ஷாக் இறுகும், இடப்பக்கம் திருப்பினால் இளகும்.

முன்பக்கம் சிரமமே இல்லை. பானட்டைத் தூக்கினால் திருகு கைக்கு நேரே நிற்கும். பின்பக்க ஷாக்கின் தலை டிக்கிக்குள், சக்கர வளைவின் மேல், லைனிங் துணிக்கு அடியில் இருக்கிறது. அதைத் தொட வேண்டுமென்றால் சாமான்களை எல்லாம் இறக்கி, பிளாஸ்டிக் கிளிப்புகளை ஒவ்வொன்றாக நெம்பி, பக்கவாட்டு கார்பெட்டை மடக்கிப் பிடிக்க வேண்டும். வலப்பக்கம் பேட்டரி வேறு இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும். இருபது வருடக் கிளிப், மதுரை வெயிலில் காய்ந்தது, தொட்டாலே ஒடிந்துவிடும். ஒரு தடவை திறந்து மூட எனக்கு நாற்பது நிமிடம் ஆகும்.

அதனால் நடந்தது என்னவென்றால், முன்பக்கத்தை மட்டும் மாற்றிக்கொண்டு ஒரு வருடம் ஓட்டினேன். சிறுமலைக்குப் போகும்போது முன்னால் இறுக்குவேன், பின்னால் ஊருக்குள் ஓட்டும் இளக்கத்திலேயே கிடக்கும். பதினெட்டு கொண்டை ஊசி வளைவுகளிலும் ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் மூக்கு சோம்பலாகத்தான் திரும்பும். டயரைச் சந்தேகப்பட்டேன், அலைன்மென்ட் பார்த்தேன். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பொறுமையாக லைனிங்கைக் கழற்றிப் பின்பக்கத்தையும் பத்து கிளிக் இறுக்கிவிட்டு ஏறினேன். அது வேறு வண்டியாக இருந்தது. கைக்கு எட்டாத திருகுக்காக நான் பணம் கொடுத்திருக்கிறேன் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

லைனிங்கைக் கழற்றாமலே திருகைத் தொட, 2022 மே மாதம் அதில் துளை போட முடிவு செய்தேன். ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். வெட்டியது துணி ஒட்டிய லைனிங்கை மட்டும்தான். தகரத்தில் ஒரு கீறல்கூடப் போடவில்லை, போடவும் கூடாது. ஷாக்கின் முழு உதையையும் தாங்குவது அந்த இடத்துத் தகரம். தவிர, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு சொல்கிறது. சட்டத்தை விடுங்கள், உயிர் விஷயம்.

எங்கே வெட்டுவது என்பதுதான் பெரிய கேள்வி. அளவு டேப்பை நம்பவில்லை. குங்குமத்தைத் தண்ணீரில் குழைத்துத் திருகின் தலையில் தடவி, லைனிங்கைப் பழையபடி பொருத்தி, மேலிருந்து உள்ளங்கையால் அழுத்தினேன். கழற்றிப் பார்த்தால் அடிப்பக்கத்தில் சிவப்பாக ஒரு பொட்டு. அதன் நடுவில் கோணி ஊசியைக் குத்தி மேல்பக்கம் குறித்துக்கொண்டேன். இரண்டு பக்கமும் தனித்தனியாகச் செய்யுங்கள். எனக்கு இடதுக்கும் வலதுக்கும் ஒன்றரை சென்டிமீட்டர் வித்தியாசம் வந்தது.

முதலில் 45 மில்லிமீட்டர் வெட்டினேன். விரல் போனது, ஆனால் திருப்ப முடியவில்லை. 75 மில்லிமீட்டராகப் பெரிதாக்கிய பிறகு கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து நன்றாகப் புழங்கின. ஓரம் பிசிறாமல் தைப்பதற்கு பைபாஸ் ரோட்டில் ஒரு குஷன் கடைக்குப் போனேன். கடைக்காரப் பெரியவர் லைனிங்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏன் தம்பி, நல்ல துணியில போயி ஓட்டையப் போட்டு வச்சிருக்கீங்க?" என்று வருத்தத்தோடு கேட்டார். காரணத்தைச் சொன்னதும் ஓரத்தைச் சுற்றி ரெக்ஸின் பட்டை வைத்துத் தைத்து, அதே நிறத் துணியில் இரண்டு மூடியும் செய்து கொடுத்தார்.

மூடி விஷயத்தில்தான் முதல் வருடம் படாத பாடு பட்டேன். பசை போட்டு ஒட்டிய வெல்க்ரோ அடுத்த சித்திரையில் இளகி விழுந்துவிட்டது. பகல் முழுக்க வெயிலில் நிற்கும் வண்டியின் டிக்கிக்குள் எந்தப் பசையும் நிற்காது, தைத்துத்தான் ஆக வேண்டும். மூடியில்லாமல் இரண்டு வாரம் ஓட்டியபோது பின் சக்கரச் சத்தம் உள்ளே கூடுதலாகக் கேட்டது. இப்போது மூடியின் அடியில் சத்தத்தை அடக்கும் பியூட்டில் ரப்பர் ஷீட் ஒரு துண்டு வைத்திருக்கிறேன், அந்தச் சத்தம் இல்லை.

இன்றைக்கு அட்ஜஸ்ட் செய்ய நாலு சக்கரத்துக்கும் சேர்த்து மூன்று நிமிடம். எப்போதும் முழுக்க இறுக்கிவிட்டு அங்கிருந்து பின்னோக்கி எண்ணுகிறேன், இல்லாவிட்டால் கணக்கு தப்பும். ஊருக்குள் 24, சிறுமலைக்கு 14, கோவை செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வே பந்தயத் தடத்துக்குப் போனால் 8. வெயில் காலத்தில் ஆயில் மெலிந்துவிடுவதால் ஒரு கிளிக் கூடுதலாக இறுக்குவேன். சோதித்துப் பார்க்க நத்தம் ரோடு மேம்பாலம் எனக்கு வசதி. 7.3 கிலோமீட்டரும் ஒரே சீராகப் போவதால், இணைப்புகளைத் தாண்டும்போது பின்பக்கம் ஒரு தடவை அமுங்கி நிற்கிறதா, இரண்டாவது தடவையும் ஆடுகிறதா என்று தெளிவாகத் தெரியும்.

நான் எதிர்பார்க்காத பயன் ஒன்று உண்டு. போன ஐப்பசி மழையில் பின்னால் இடப்பக்கம் 'டொக்' என்று சத்தம். மூடியைத் திறந்து டார்ச் அடித்ததும் ஷாக்கின் மேல் மவுண்ட்டின், அதாவது ஷாக்கைத் தகரத்தோடு இணைக்கும் பாகத்தின், ரப்பர் கிழிந்திருந்தது தெரிந்தது. முன்பு ஒரு ஒர்க்ஷாப்பில் போட்டுக் கொடுத்த மலிவான மவுண்ட் அது. இந்தத் தலைமுறை வண்டியில் மவுண்ட் போனதைக் கவனிக்காமல் ஓட்டினால் உலோகம் நேராகத் தகரத்தில் இடித்து, அந்த இடமே புடைத்து வெடிக்கக்கூடும். எனக்குத் தகரம் சுத்தமாக இருந்தது. புது மவுண்ட்டோடு, பாரத்தைப் பரப்பித் தாங்கும் தடித்த பிளேட்டும் இரண்டு பக்கமும் போட்டுவிட்டேன். லைனிங் மூடியே இருந்திருந்தால் சத்தம் பெரிதாகும்வரை அதைக் கழற்றியிருக்க மாட்டேன். இப்போது மாதம் ஒரு முறை டார்ச்சோடு பார்ப்பது பழக்கமாகிவிட்டது.

வலப்பக்க மூடியின் தையல் மட்டும் கொஞ்சம் பிரிந்திருக்கிறது. குஷன் கடைப் பெரியவர் அதே துணியில் ஒரு முழம் எடுத்து வைத்திருக்கிறார், சித்திரை வெயிலுக்கு முன்னால் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.